நுரையீரல் சரியாகிவிட்டது, மெஷினை எடுக்கத்தான் முடியவில்லை

“லங்ஸ் நல்லா கிளியர் ஆயிருச்சும்மா. ஆனா மெஷினை எடுக்க முடியல.” அம்மாவை வென்டிலேட்டர் என்கிற மூச்சு மெஷினில் வைத்த பத்தாம் நாள் காலை, ஐசியூ வாசலில் பெரிய டாக்டர் இதைச் சொல்லிவிட்டு அடுத்த நோயாளியின் ஆட்களிடம் திரும்பிவிட்டார். நான் அங்கேயே நின்றேன். நுரையீரல் சரியாகிவிட்டதென்றால் மெஷினை ஏன் எடுக்க முடியாது? மெஷின் தேவைப்பட்டதே நுரையீரல் கெட்டுப்போனதால்தானே? பக்கத்தில் நின்ற தாய்மாமா என் காதருகே குனிந்து, “பாத்தியா தாயி, சினிமால காட்டுன மாதிரியே நடக்குது” என்றார். அன்று காலை வரை பில் 4,15,000 ரூபாய். அந்த நிமிஷம் மாமா சொன்னதுதான் எனக்கு நியாயமாகப் பட்டது.

டாக்டர் சொன்ன இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் ஒரு தசை இருந்தது. உதரவிதானம். பள்ளிக்கூடத்தில் இரண்டு மார்க் கேள்விக்குப் படம் போட்டுப் பாகம் குறித்துவிட்டு மறந்துபோன பெயர். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடை மாதிரி விரிந்திருக்கும் அந்தத் தசையைப் பற்றி ஐந்தாம் நாளே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பல தப்புகளைச் செய்திருக்க மாட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, மில்லில் கணக்கு எழுதுகிறவள். அப்போது கேட்டதையும் அப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 61 வயது. திண்டுக்கல் பக்கம் கிராமத்தில் இரண்டு ஆடு வைத்துக்கொண்டு தனியாக இருந்தாள். கார்த்திகை மாத ஈரத்தில் கண்மாய்க் கரையில் புல் அறுக்கப் போவாள். நவம்பர் கடைசியில் காய்ச்சல் வந்தது. உள்ளூரில் ஊசி, மாத்திரை, “வைரல் காய்ச்சல்தான்” என்று ஆறு நாள் ஓடியது. ஏழாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் மதுரைக்குக் கொண்டுபோய் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே சேலை மாற்றிவிட்ட சிஸ்டர்தான் அம்மாவின் இடது மார்புக்குக் கீழே ஒரு கருப்புப் பொருக்கைப் பார்த்தார். சிகரெட்டால் சுட்டது போல வட்டமாக இருந்தது. வலி இல்லாததால் அம்மா அதைக் கவனிக்கவே இல்லை. ஸ்க்ரப் டைஃபஸ், பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவார்களே, அதுதான். புல்லிலும் புதரிலும் இருக்கிற, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் சில ரூபாய் விலையுள்ள டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் போயிருக்கும். புல், புதர், வயல் என்று போய்வருகிற யாருக்காவது ஐந்து நாளைத் தாண்டிக் காய்ச்சல் இருந்தால் அக்குள், தொடையிடுக்கு, மார்புக்கு அடி என்று மறைவான இடங்களைப் பாருங்கள். புல் அறுக்கப் போன விஷயத்தையும் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நாங்கள் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

அன்று இரவே வாய் வழியாக டியூப் போட்டு மெஷினில் மாட்டினார்கள். இரண்டு நுரையீரலிலும் நீர் கோத்து மூச்சு செயலிழந்துவிட்டது, இதற்கு ஏஆர்டிஎஸ் என்று பெயர் என்றார்கள். முதல் நாலு நாள் முழு மயக்கம். அதில் இரண்டு நாள், மெஷினோடு உடம்பு மல்லுக்கட்டாமல் இருக்கத் தசைகளை அசையவிடாத மருந்தும் போட்டுக் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். காலையில் ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம் பார்க்க விடுவார்கள். மெஷின் ஒரே தாளத்தில் உஸ்ஸென்று தள்ளும், நெஞ்சு எழும்பும், இறங்கும். எனக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. பாவம், நாள் முழுக்க உழைத்த உடம்பு, நல்லா தூங்கட்டும் என்று நினைத்தேன்.

ஐந்தாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்தார்கள். அம்மா நெற்றியைச் சுருக்கினாள், டியூப்பைக் கடித்தாள், கண்ணோரம் தண்ணீர். எனக்குத் தாங்கவில்லை. “சிஸ்டர், வலிக்குது போல, மருந்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க” என்று கெஞ்சினேன். மாமாவும் சத்தம் போட்டார். கூட்டினார்கள். நாங்கள் சொன்னதால்தான் கூட்டினார்களா, அவர்களுக்கே அது அவசியமாகப் பட்டதா, எனக்குத் தெரியாது. ஆனால் இன்றைக்கும் ராத்திரி தூக்கம் வராதபோது முதலில் ஞாபகத்துக்கு வருவது இதுதான். அம்மா தூங்கத் தூங்க அவளுடைய மூச்சுத் தசையும் தூங்கிக்கொண்டிருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஏழாம் நாள் டி-பீஸ் வைத்துப் பார்த்தார்கள். மெஷினைக் கழற்றி, டியூப்பில் ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்துத் தானாக மூச்சு விடச் சொல்வது. அரை மணி நேரம் தாங்கினால் மற்றதையும் பார்த்து டியூப்பை எடுக்கலாம் என்றார்கள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன, மூக்கு விடைத்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. நெஞ்சு மேலே எழும்பும்போது வயிறு உள்ளே போனது. நமக்கெல்லாம் மூச்சிழுக்கும்போது வயிறு வெளியே தள்ளும், கையை வைத்துப் பாருங்கள். அம்மாவுக்குத் தலைகீழாக நடந்தது. 22 நிமிஷத்தில் மறுபடியும் மெஷின். எட்டாம் நாள் திரும்பவும் வைத்தார்கள், தாங்கினாள், டியூப்பை எடுத்தார்கள். தம்பி திருப்பூரிலிருந்து போன் போட்டு அழுதான். நான் அழகர்கோவிலுக்கு வேண்டிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் அதிகாலை மூன்று மணிக்குப் போன் வந்தது, மறுபடியும் டியூப் போட்டுவிட்டோம் என்று. முதல்தடவை போட்டபோது பயந்தேன். இந்தத் தடவை உள்ளே ஏதோ விட்டுப்போனது.

இதில் எங்களைக் குழப்பியது அம்மாவின் கை. என் விரலைக் கொடுத்தால் இறுக்கிப் பிடித்தாள். “பிடி தெம்பா இருக்குடா” என்று தம்பியிடம் சொன்னேன். கையில் இவ்வளவு பலம் இருக்கிறவளுக்கு மூச்சுவிட மட்டும் எப்படிப் பலமில்லாமல் போகும், எல்லாம் பில்லுக்குத்தான் என்று மாமா சொன்னதற்கு இதுவே சாட்சியாகிவிட்டது. பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் வேறு வேறு கணக்கு. பிரான்ஸில் நடந்து 2017இல் வெளியான ஓர் ஆய்வில், வென்டிலேட்டரிலிருந்து விடுவிக்கும் கட்டத்துக்கு வந்த 76 பேரைச் சோதித்திருக்கிறார்கள். கை கால் பலவீனம் இருந்தது நூற்றுக்கு 34 பேருக்கு, உதரவிதானப் பலவீனம் இருந்தது 63 பேருக்கு. கை பிடிக்கிறது என்பதை வைத்து மூச்சைக் கணக்குப் போடக் கூடாது.

பத்தாம் நாள்தான் முதலில் சொன்ன அந்தப் பேச்சு. பதினோராம் நாள் மாமா ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம், விதி இருந்தால் பிழைப்பாள் என்றார். நானும் தலையாட்டினேன் என்பதை மறைக்க மாட்டேன். கையில் பணமில்லை, மனசிலும் ஒன்றுமில்லை. ‘சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று ஆரம்பிக்கிற பாரத்தைக் கொடுத்தார்கள். பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அப்போது ட்யூட்டியில் இருந்த சின்ன டாக்டர் ஒருவர், தம்பி வயசுதான் இருக்கும், வந்து, “அக்கா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால ஒரு பத்து நிமிஷம் உள்ள வர்றீங்களா?” என்றார்.

மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டார். மேலே இரண்டு நுரையீரல், கீழே கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒரு கோடு. “நாம மூச்சு இழுக்கும்போது இந்தக் கிண்ணம் கீழ இறங்கும், காத்து தானா உள்ள வரும். மெஷின் அப்படி இல்ல. மேல இருந்து காத்தைத் தள்ளும். கிண்ணம் சும்மா உக்காந்திருக்கும்.” பிறந்ததிலிருந்து ஒரு நிமிஷம்கூட லீவு எடுக்காத தசை அது, நாலு நாள் வேலையில்லாமல் இருந்தால் மெலிந்துபோகும் என்றார். கையில் மாவுக்கட்டுப் போட்டுப் பிரிக்கும்போது கை சூம்பிப் போயிருக்குமே, அது போல என்றேன். “அதேதான்க்கா. கைக்கு வாரக்கணக்கு ஆகும். இதுக்கு ரெண்டு மூணு நாள் போதும்.”

அவர் மிகைப்படுத்துகிறார் என்று நினைத்தேன். இல்லை. 2008இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வு ஒன்றில், மூளைச்சாவு அடைந்து உறுப்பு தானம் கொடுத்த 14 பேரின் உதரவிதானத்திலிருந்து சிறு துண்டெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 18 மணி நேரத்திலிருந்து 69 மணி நேரம் வரை மெஷின் மட்டுமே மூச்சுவிட்டவர்கள். அவர்களின் தசை நார்களின் பருமன் பாதிக்கும் கீழே போயிருந்தது. மூன்று நாள்கூட முழுசாக ஆகவில்லை. நான் அம்மாவை நன்றாகத் தூங்கட்டும் என்று விட்டது நாலு நாள்.

அப்புறம் ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து அம்மாவின் வலது விலாவில் வைத்துக் காட்டினார். கர்ப்பிணிகளுக்குப் பார்க்கிற அதே மாதிரி ஸ்கேன்தான். திரையில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவே கருப்பாக ஒரு பட்டை. அந்தப் பட்டைதான் உதரவிதானம். மூச்சிழுக்கும்போது அது தடிக்க வேண்டும், இருந்த தடிமனில் நூற்றுக்கு 20 பங்காவது கூட வேண்டும் என்றார். அம்மாவுக்கு 12. எனக்கு அது தடித்ததா இல்லையா என்றே தெரியவில்லை. பத்து நாளாக எத்தனையோ ரிப்போர்ட், எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை. எனக்கு விளங்கியது அந்தக் கருப்புப் பட்டை ஒன்றுதான். பாரத்தைக் கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தேன். மாமா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மெஷின்மீது முழுப் பழியையும் போட வேண்டாம் என்றும் அந்த டாக்டர் சொன்னார். அம்மாவுக்கு ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றே தசையைக் கெடுத்திருக்கும், பலருக்கு மெஷினில் வைக்கிற முதல் நாளே உதரவிதானம் பலமிழந்துதான் இருக்கும். தசையை நிறுத்தி வைத்த மருந்து, ரத்தத்தில் பாஸ்பேட் குறைந்தது, சரியாக உள்ளே போகாத சாப்பாடு எல்லாம் சேர்ந்துதான் இப்படி ஆகியிருக்கிறது. முதல் நாலு நாள் முழு மயக்கம் இல்லாமல் அம்மாவின் நுரையீரலைக் காப்பாற்றியிருக்கவும் முடியாது. அதனால் இதைப் படித்துவிட்டு மூன்றாம் நாளே “மயக்கத்தை நிறுத்துங்க” என்று யாரும் சண்டைக்குப் போய்விடாதீர்கள். ரொம்பச் சீக்கிரம் தசையை முக்கி முக்கி உழைக்கவிட்டாலும் அது வேறு விதமாகச் சேதமாகுமாம். அதிகமும் கூடாது, சும்மாவும் இருக்கக் கூடாது. நம் வேலை அதை முடிவுபண்ணுவது இல்லை, கேட்டுக்கொண்டே இருப்பது.

என்ன கேட்பது? இப்போது யாராவது போன் போட்டு எங்க வீட்டிலும் வென்டிலேட்டரில் இருக்கிறார்கள் என்றால் நான் சொல்வது இதைத்தான். தினமும் காலையில் ஒரே மாதிரி கேளுங்கள்: இன்னைக்கு மயக்க மருந்தைக் குறைச்சுப் பார்க்கிறீங்களா, இல்லைன்னா எதனால? நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு, அதில் மெஷின் தானாக விடுவது எத்தனை, நோயாளி ஆரம்பிப்பது எத்தனை? மெஷின் திரையில் அது தெரியும், பொறுமையான சிஸ்டராக இருந்தால் காட்டுவார். மெஷினைக் கழற்ற முடியவில்லை என்று சொன்னால், நுரையீரலா, இதயமா, உடம்பில் தேங்கிய நீரா, தசையா, எது காரணம் என்று கேளுங்கள். தசை என்றால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எவ்வளவு இருக்கிறது? மூக்கு டியூப்பில் ஒரு நாளைக்குக் கொடுக்க வேண்டியதில் நிஜமாக எவ்வளவு உள்ளே போனது? இந்தக் கடைசிக் கேள்வியை நான் பதிமூன்றாம் நாள்தான் கேட்டேன். ஸ்கேனுக்கு, டி-பீஸுக்கு என்று அடிக்கடி நிறுத்தி நிறுத்தி, பல நாள் பாதிதான் போயிருந்தது. எல்லாவற்றையும் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். நோட்டும் பேனாவுமாக நிற்கிறவரிடம் ஒரு நிமிஷம் கூடுதலாக நின்று பேசுகிறார்கள், இது நான் கண்டது.

அதே நோட்டு பில்லுக்கும் உதவியது. மருத்துவமனைமேல் சந்தேகப்படுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. கையுறையும் சிரிஞ்சும் இரண்டு தடவை ஏறியிருந்ததைக் காட்டி 9,200 ரூபாயைக் கழிக்க வைத்தேன். சந்தேகத்தை அங்கே வைத்திருக்க வேண்டும். அம்மாவின் மூச்சில் கொண்டுபோய் வைத்தோம்.

பன்னிரண்டாம் நாள் டிராக்கியாஸ்டமி, அதாவது கழுத்தில் துளை போட்டு மூச்சு டியூப்பை வாயிலிருந்து அங்கே மாற்றுவது. “கழுத்துல ஓட்டை போட்டா அவ்வளவுதான், ஆள் திரும்பாது” என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. சித்தி ஒருத்தி போனிலேயே ஒப்பாரி வைத்தாள். நிஜத்தில் அம்மா திரும்பி வர ஆரம்பித்ததே அன்றிலிருந்துதான். வாயில் டியூப் இருக்கும்வரை அதைச் சகித்துக்கொள்ளவே மயக்க மருந்து வேண்டியிருந்தது. கழுத்துக்கு மாற்றிய இரண்டே நாளில் மயக்க மருந்தை நிறுத்திவிட்டார்கள். சளியை எடுப்பதும் சுலபம், மெஷினைக் கொஞ்ச நேரம் கழற்றிப் பார்ப்பதும் சுலபம், முடியவில்லையென்றால் திரும்ப மாட்டினால் போதும். தேவை முடிந்ததும் எடுத்துவிடுவார்கள், ஓட்டை பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் அவசரமாகப் போட வேண்டியதில்லை. ஆனால் டாக்டரே கேட்கும்போது சாவுச் செய்தி மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மயக்கம் தெளிந்ததும் ஒரு வேடிக்கை, அப்போது வேடிக்கையாக இல்லை. சத்தம் வராத வாயால் அம்மா எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடித்தேன்: ஆடு. கட்டிலுக்கு அடியில் ஆடு நிற்கிறதாம், யாரும் தண்ணி வைக்கவில்லையாம். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தேன். ஐசியூவில் நிறையப் பேருக்கு இப்படிக் குழப்பம் வரும், ராத்திரி பகல் தெரியாததால் கூடும் என்றார் சிஸ்டர். வீட்டிலிருந்து அவள் கண்ணாடியைக் கொண்டுவந்து மாட்டினோம். எதிரில் ஒரு காலண்டரை மாட்டச் சொல்லிக் கேட்டேன். போகும்போதெல்லாம் கிழமை, நேரம், ஆட்டை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று சொன்னேன். நாலு நாளில் ஆடுகள் போய்விட்டன.

பதினைந்தாம் நாளோடு பணம் தீர்ந்தது. மொத்த பில் 6,30,000. அம்மாவுக்கு நான் எடுத்திருந்த இன்சூரன்ஸ் 3 லட்சம், அதில் கிடைத்தது 2,37,000. ஐசியூவுக்கு ஒரு நாளைக்குக் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், அதாவது 6,000 வரைதான் என்று பாலிசியில் பொடி எழுத்தில் இருந்திருக்கிறது. மருத்துவமனை போட்டது 14,000. பாக்கி 3,93,000க்கு அம்மாவின் ஆறு வளையலும் என் செயினும் அடகுக்குப் போயின, மிச்சம் மில்லில் முன்பணம். இதில் என் முட்டாள்தனம் ஒன்று உண்டு. அம்மா பெயரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தது, குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. தனியார் மருத்துவமனைக்கு அது செல்லாது என்று நானாக முடிவுபண்ணிப் பீரோவிலேயே விட்டுவிட்டேன். திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. எந்த நோய்க்கு, எவ்வளவு என்பதெல்லாம் சேர்க்கும்போதே கவுண்டரில் கேட்க வேண்டியது. பதினைந்தாம் நாள் கேட்டபோது கவுண்டரில் இருந்த பெண் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம். சின்ன டாக்டரே போன் போட்டு அங்கே வென்டிலேட்டர் படுக்கை இருப்பதை உறுதிசெய்துகொண்டு அனுப்பினார். படுக்கை உறுதியாகாமல் மட்டும் கிளம்பிவிடாதீர்கள். வென்டிலேட்டர் ஆம்புலன்ஸ் 6 கிலோமீட்டருக்கு 8,000 ரூபாய். வராந்தாவில் கொசு, பாய் விரிக்க இடத்துக்குச் சண்டை, கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். ஆனால் அம்மாவை மெஷினிலிருந்து இறக்கியது அந்த இடம்தான். முதல் நாளே பிசியோதெரபி படிக்கிற ஒரு பெண் வந்து, “பாட்டி, உக்காருவோமா?” என்றாள். கழுத்தில் குழாய், பக்கத்தில் மெஷின், இவளை எப்படி உட்கார வைப்பது என்று நான் பதறினேன். இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, அம்மா கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு மூன்று நிமிஷம் உட்கார்ந்தாள். வேர்த்துக் கொட்டியது. பதினாறு நாளுக்கு அப்புறம் அவள் பாதம் தரையில் பட்டது.

மூச்சுக்கும் பயிற்சி உண்டு என்பதே அங்கேதான் தெரிந்தது. உள்ளங்கை அளவில் ஸ்பிரிங் வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய், வெளியே 2,400 ரூபாய்க்கு வாங்கி வரச் சொன்னார்கள். கழுத்துக் குழாயில் மாட்டி இழுக்கச் சொல்வார்கள், ஸ்பிரிங்கை ஜெயித்தால்தான் காற்று வரும். ஆறு இழுப்பு, ஓய்வு, மறுபடி ஆறு. தண்டால் எடுப்பது போலத்தான், தசைக்குத் தெரிந்த பாஷை அது ஒன்றுதான். நீண்ட நாள் மெஷினிலேயே இருந்தவர்களை வைத்து 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இப்படிப் பயிற்சி செய்த 35 பேரில் 25 பேர் மெஷினிலிருந்து விடுபட்டிருக்கிறார்கள், பெயரளவுக்கு மட்டும் பயிற்சி செய்த 34 பேரில் 16 பேர். எல்லோருக்கும் பலிக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். அம்மாவுக்குப் பலித்தது.

பகலில் மெஷினைக் கழற்றிக் கால் மணி நேரம், மறுநாள் அரை மணி, அப்புறம் இரண்டு மணி. ராத்திரி கட்டாயம் மெஷின், தசைக்கு ஓய்வு வேண்டும் என்று. இந்த ராத்திரி ஓய்வை நான் பின்னடைவு என்று நினைத்து ஒவ்வொரு சாயங்காலமும் சோர்ந்துபோவேன். ஒரு நாள் நாலு மணி நேரம் தாங்கியவள் மறுநாள் ஒன்றரை மணி நேரத்தில் கையைக் காட்டிவிடுவாள். அதுவும் வழக்கம்தானாம். ஒரு நாளை வைத்து எதையும் முடிவுபண்ணக் கூடாது, மூன்று நாளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 26ஆம் நாள் முழு ராத்திரியும் மெஷின் இல்லாமல் தூங்கினாள். 34ஆம் நாள் கழுத்துக் குழாயை எடுத்து, பஞ்சு வைத்து ஒட்டினார்கள்.

அன்றைக்குத்தான் பிசியோ பெண், ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு என்று எத்தனை வரை எண்ண முடிகிறது பார்ப்போம் என்றாள். மூச்சுத் தசையின் பலத்தைக் கருவியில்லாமல் பார்க்கிற வழி அது. அம்மா பள்ளிக்கூடம் போகாதவள், எண்ணச் சொன்னால் கூச்சப்படுவாள். ஆனால் இருபத்தேழு நட்சத்திரமும் அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. “அதைச் சொல்லட்டா?” என்று கரகரத்த குரலில் கேட்டாள். அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி. அவ்வளவுதான். ரோகிணியில் ‘ணி’ காற்றாகத்தான் வந்தது. மறுபடி மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் அழுதுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபிறகு யாரும் எச்சரிக்காத சில விஷயங்கள் இருந்தன. மல்லாக்கப் படுத்தால் மூச்சு திணறியது. படுக்கும்போது வயிறு மேலே தள்ளும், பலமில்லாத உதரவிதானத்தால் அதை எதிர்த்து இறங்க முடியாது. இரண்டு மாசம் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்கினாள். குனிந்து கோலம் போட முடியவில்லை. காலையில் தலைவலியோடு எழுந்தாலோ பகலில் காரணமில்லாமல் தூங்கி வழிந்தாலோ உடனே கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள், ராத்திரி கரியமில வாயு உடம்பிலேயே தங்கிவிடுவதன் அறிகுறியாம். ஒரு தடவை கூட்டிப்போனோம், நல்லவேளை ஒன்றுமில்லை. ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டி வருமோ என்று பயந்தேன், அம்மாவுக்குத் தேவைப்படவில்லை. எனக்கு 47 நாள் சம்பளமில்லா விடுப்பு. லாட்ஜ், சாப்பாடு, ஆம்புலன்ஸ், வெளியே வாங்கிய மருந்து என்று இன்னொரு 70,000. நாலு வளையல் திரும்பி வந்துவிட்டது. இரண்டு இன்னும் கடையில்தான், ஆடிக்குள் மீட்க வேண்டும், இல்லாவிட்டால் வட்டி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். அடகுக்கு நாலு வளையல்தான் எடுத்தோம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் நம்பினமாதிரி தெரியவில்லை.

ஸ்பிரிங் குழாயைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள், காலையும் மாலையும் இழுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஊருக்குப் போனால் நட்சத்திரக் கணக்கு. முதல் மாசம் மகம் வரை வந்தாள். இரண்டாம் மாசம் விசாகம். அப்புறம் கேட்டையில் மூன்று வாரம் நின்றது, மூலம் பிறந்தவர்களைத் திட்டிக்கொண்டே தாண்டினாள். போன வாரம் திண்ணையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, நிறுத்தாமல் உத்திரட்டாதி வரை சொன்னாள். மிச்சம் ஒன்றுதான் ரேவதி, என்னுடைய நட்சத்திரம். அதற்கு மட்டும் இன்னொரு மூச்சு வாங்கிக்கொண்டாள்.